குமரகுருபரன் வைத்த பெயர்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் கைலாசம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை இருக்கிறது. கீழே குத்துவிளக்கும் குடமும் அண்டாவும் விற்பார்கள். மாடியில் கணினிக் கம்பெனி. கடையும் அண்ணாச்சியுடையது, கம்பெனியும் அண்ணாச்சியுடையது. ஆனால் அந்த மாடியில் பதினான்கு வருஷமாகக் குமரகுருபரனைக் கேட்காமல் ஒரு துரும்பு அசைந்ததில்லை. அசைந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

ஆளைப் பார்த்தால் பெரிய தோரணை ஒன்றும் கிடையாது. ஐம்பத்தொரு வயசு, நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. கணினியில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு பேனா எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மகாராஜநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஒன்பதேகாலுக்கு மாடி ஏறுவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நாலைந்து இளவட்டங்கள் சந்தேகம் கேட்டுச் சூழ்ந்துகொள்ளும். "இரிங்கடே, மூச்சு விட்டுக்கிடுதேன்" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் மனுஷன் வீட்டிலிருந்து கிளம்பியே வருவது.

கம்பெனி விற்பது பள்ளிக்கூடங்களுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுக்கும் மென்பொருள். சிரிக்காதீர்கள். நாலு பங்காளிகளுக்குப் பாகம் பிரித்துவிடலாம், நாற்பது வாத்தியார்களுக்குப் பீரியட் பிரிக்க முடியாது. தலைமை ஆசிரியர் சாதாரணத் தமிழில் ஒரு வரி தட்டுவார்: "கணக்கு வாத்தியாருக்குச் சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வகுப்பு கூடாது, சனிக்கிழமை தவிர." மென்பொருள் அந்த வரியைத் துண்டுகளாக வெட்டி, எது எதற்குக் கீழே வரவேண்டுமோ அப்படித் தலைகீழ் மரம்போலத் தொங்கவிடும். யாருக்கு என்பது ஒரு துண்டு, எப்போது என்பது ஒரு துண்டு, கூடாது என்பது ஒன்று, தவிர என்பது இன்னொன்று. ஒவ்வொரு துண்டும் உட்காருகிற இடத்துக்குக் கணு என்று பெயர். கரும்பில் இருக்கிறதே, அதே கணு. கணு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தால்தான் நாளைக்கு இன்னொருத்தர் அதைத் தேடிப்பிடித்து வேலை பார்க்க முடியும். அந்தப் பெயர்களை வைத்தவர் குமரகுருபரன்.

எப்படி வைத்தார் என்று சொன்னால்தான் ஆளைப் புரியும். அவர் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமனார் பெயரும் கோயில் சாமி பெயரும் ஒன்றாகப் போய்விட்டது என்று அவருடைய அம்மா கடைசிவரை அந்தச் சாமியை "மேலக்கோயில்காரர்" என்றுதான் கும்பிட்டாள். மனைவி சங்கரியும் அதே வார்ப்பு. ரேஷன் கடையில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவாள். பெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவு, முறையைத்தான் சொல்லவேண்டும். இப்படி வளர்ந்த மனுஷரிடம் முப்பத்தேழு கணுவைக் கொடுத்துப் பெயர் வையும் என்றால் என்ன செய்வார்?

எந்த வாத்தியாரைப் பற்றிய விதியோ அந்தக் கணு மாப்பிள்ளை. எல்லா ஏற்பாடும் அவரைச் சுற்றித்தானே. 'கூடாது' என்கிற கணு மாமியார். 'தவிர' என்பது மச்சினன், எந்தச் சட்டமும் அவனைக் கட்டாது. 'வந்தால்', 'இருந்தால்' என்று நிபந்தனை போடுவது சம்பந்தி. இப்படியே கொழுந்தியாள், சகலை, ஒன்றுவிட்ட அத்தான் என்று கல்யாண வீட்டுக் கூட்டமே உள்ளே இருந்தது. எல்லாருக்கும் மேலே, உச்சியில், பெரியப்பா. பெரியப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்குக் குமரகுருபரன் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "அதுல மட்டும் கை வெச்சிராதீங்க."

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவருடைய திருவிழா ஆரம்பித்துவிடும். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தலைமை ஆசிரியர், "ஒரே பீரியட்ல ஒரே வாத்தியாரு ரெண்டு வகுப்புல நிக்காரு சார்" என்று போனில் அலறுவார். இளவட்டங்கள் அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டு கிடக்கும். குமரகுருபரன் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டுப் பைய வந்து எட்டிப் பார்ப்பார். "மாமியாருக்குக் கீழ மச்சினனை உக்கார வெச்சா எப்படிலே அவன் அடங்குவான்? அவனைத் தூக்கி சம்பந்திக்குப் பக்கத்துல போடு." போட்டால் சரியாகிவிடும். வீட்டில் சோற்றில் கைவைத்தால் போன் அடிக்கும். "நிம்மதியாத் திங்க விடுதானுவளா பாரு" என்று சங்கரியிடம் ஏசிக்கொண்டே, முகம் பூராச் சிரிப்பாக எடுத்துப் பேசுவார்.

இந்தச் சீரும் சிறப்புமான வாழ்க்கையில் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து மண்ணைப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் மென்பொருளை வாங்கலாமென்று உள்ளே திறந்து பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு ஒரு கடிதம் போட்டது. அண்ணாச்சி குமரகுருபரனையும் சித்ரலேகாவையும் கூப்பிட்டார்.

சித்ரலேகா வண்ணார்பேட்டைப் பிள்ளை. சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் ஊரோடு வந்து, அந்த ஜூனில்தான் இங்கே சேர்ந்திருந்தாள். இந்த மாதிரி வேலை தெருவுக்கு நாலு இடத்தில் கிடைக்கிற ஊரா இது? கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி, ஆறு மணிக்கு அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போய்விடுவாள்.

"என்ன வே இது?" என்றார் அண்ணாச்சி கடிதத்தை ஆட்டி. "மாமியார்னா என்னன்னு கேக்கான். மச்சினன் எப்பவும் மாமியாரை மீறுதானே, ஏன்னு கேக்கான். நான் என்னன்னு பதில் எழுத? எங்க வீட்டு வழக்கம்னா?"

"பேரை மாத்திருவோம் அண்ணாச்சி" என்றாள் சித்ரலேகா. "மாமியாருக்கு மறுப்பு. மச்சினனுக்கு விதிவிலக்கு. சம்பந்திக்கு நிபந்தனை. பாத்த உடனே யாருக்கும் புரிஞ்சிரும். ஒரு வாரத்து வேலைதான்."

ஒரு வாரம்! குமரகுருபரன் உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பார்த்த உடனே யாருக்கும் புரிந்துவிட்டால் காலையில் தன்னைச் சுற்றி யார் வந்து நிற்பார்கள்? அவர் படித்தது அந்தக் காலத்துப் படிப்பு. புதுசாக வந்த எதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ள அவசியமும் வரவில்லை. இந்த மாடியிலிருந்து இறங்கினால் ஐம்பத்தொரு வயசில் ஏறுவதற்கு இன்னொரு மாடி கிடையாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்றுவரை அண்ணாச்சிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"செய்யலாம் அண்ணாச்சி, செய்யாம என்ன" என்றார் இளகின குரலில். "ஆனா பேரு வைக்கது விளையாட்டுக் காரியம் இல்லைலா. அறுபத்து மூணு பள்ளிக்கூடம் நம்மள நம்பி இருக்கு. ஒரு குழுவைப் போட்டுப் பைய பாப்போம்."

குழு என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருப்பணிக் குழு, வியாபாரிகள் சங்கக் குழு என்று எதிலும் இருந்து ருசி கண்டவர். வியாழக்கிழமைதோறும் ராகுகாலம் கழிந்து மூன்று மணிக்குப் பெயர்மாற்றக் குழு கூடும், வாழைக்காய் பஜ்ஜி உண்டு என்று முடிவாயிற்று. தலைவர் குமரகுருபரன்.

அதற்கப்புறம் நடந்ததை எந்த வாயால் சொல்ல! முதல் இரண்டு வியாழக்கிழமை குழுவுக்கு என்ன பெயர் வைப்பதென்று பேசினார்கள். மூன்றாவது வாரம் 'மறுப்பு' வந்தது. "மறுப்புன்னு போட்டா, நாம பள்ளிக்கூடத்துக்காரனுக்கு வேலை செய்ய மறுக்கோம்னு நெனச்சிர மாட்டானா?" என்று கேட்டார் தலைவர். அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு எழுதினார்கள். அவர் ஒன்றரை மாசம் கழித்துப் பதினோரு பக்கத்தில் ஏழு வார்த்தை அனுப்பினார். ஏழையும் ஆபீஸில் ஒருத்தராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று ஒரு வியாழக்கிழமை போயிற்று. அப்புறம் மார்கழி பிறந்துவிட்டது. "மார்கழியில யாராவது பேரு வைப்பாவளா?" என்று தலைவர் கேட்டார். யாரும் வைக்கமாட்டார்கள்தான்.

சித்ரலேகா எல்லாவற்றுக்கும் குறிப்பேட்டை மூடித் திறந்துகொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். மார்கழிக்கு முந்தின கூட்டத்தில் மட்டும், "சார், பட்டியல் பூராவும் தயாராத்தான் இருக்கு, ஒரே நாள்ல பாத்துரலாமே" என்றாள்.

அப்போதுதான் குமரகுருபரன் மேசையைத் தட்டினார். "பேருன்னா அது செய்யுத வேலையைச் சொல்லணும்மா. ஒவ்வொண்ணும் என்ன வேலை செய்யுதுன்னு எழுத்துல காட்டு, அப்புறம் பேரு வைப்போம். வேலை இல்லாததுக்குப் பேரே கிடையாது, எடுத்துற வேண்டியதுதான்." முப்பத்தேழு கணுவும் என்ன செய்கின்றன என்று தன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? குறைந்தது இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்று அவர் கணக்கு. அண்ணாச்சி கேட்டு அசந்துபோய், "பொன்னான வார்த்தை வே" என்று அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தப் பிள்ளைக்கு மார்கழி ஒரு மாசமே போதுமானதாக இருந்தது. தை முதல் வியாழக்கிழமை, முப்பத்தாறு கணுவுக்கு முப்பத்தாறு பக்கம் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, ஒரு உதாரணம். பாத்திரக்கடையில் பில் போடுகிற பையன் படித்தாலும் புரியும்.

"ஒண்ணுதான் பாக்கி சார்" என்றாள். "பெரியப்பா. வெளியருந்து என்ன வருதோ அதை அப்படியே கீழ குடுத்துருது. வேற என்ன செய்யுதுன்னு எனக்குப் பிடிபடலை. நீங்களே சொல்லிருங்களேன்."

குழுவில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கையில் பாதி கடித்த பஜ்ஜி. "அது வந்து... அது ஒரு பாதுகாப்புக்கு" என்றார். எதற்குப் பாதுகாப்பு என்று அவளும் கேட்டாள், அவரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், உச்சியில் ஒரு ஆள் இருக்கட்டும், வேலை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று போட்டு வைத்தது. அப்புறம் கொடுக்க மறந்துபோயிற்று. தொடக்கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஏன் தொடக்கூடாது என்பது இல்லை.

"நகல் எடுத்து, அதுல பெரியப்பாவை மட்டும் தூக்கிப் பாப்போமா சார்?" என்று கேட்டாள். அவள் குரலில் குத்தல் எதுவும் கிடையாது. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தூக்கினார்கள். அறுபத்து மூன்று பள்ளிக்கூடத்து அட்டவணையும் ஒரு பீரியட் மாறாமல் வந்தது. கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லா வீட்டுலயும் இப்படி ஒருத்தர் உண்டும்லா வே! பந்தியில மொத இலை, மத்தபடி ஒரு சோலியும் கிடையாது!" எல்லாரும் சிரித்தார்கள். குமரகுருபரன் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பயந்தவன் அப்படித்தான் சிரிப்பான்.

அடுத்த புதன்கிழமை, வளர்பிறை, நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி கணினித் திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். சித்ரலேகா பொத்தானை அமுக்கினாள். முப்பத்தாறு உறவும் கலைந்துபோக அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாளிலிருந்து மாடியில் சத்தமே இல்லை. குமரகுருபரன் ஒன்பதேகாலுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார், யாரும் எழுந்து வரவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக நின்றார். "சந்தேகம் ஏதும் உண்டுமாடே?" என்று வாயைவிட்டுக் கேட்டார். "இல்லை சார், பேரைப் பாத்தாலே தெரியுது சார்" என்றான் ஒருத்தன் திரையைவிட்டுக் கண் எடுக்காமல். வெட்கத்தை விட்டுச் சேரன்மகாதேவித் தலைமை ஆசிரியருக்கு அவரே போன் போட்டார். "ஒரு பிரச்சனையும் இல்லை சார். போன வாரம் ஒண்ணு வந்துது, உங்க ஆபீஸ் பிள்ளை ஒண்ணு அஞ்சு நிமிஷத்துல சரிபண்ணிட்டு" என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட சொதிக் குழம்பு. தட்டுக்குப் பக்கத்தில் போன் சும்மா கிடந்தது. "என்ன, உங்க போனு ரிப்பேரா? ஒரு சத்தத்தையும் காணோம்" என்றாள் சங்கரி.

"ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா ஓடுது, அதான்."

"நல்லதாப் போச்சு. இனியாவது நிம்மதியாச் சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். வேலை இல்லாததை எடுத்துவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டவர் அவர்தான். பெரியப்பா போய்விட்டார், அடுத்தது யார் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

மாசியில் கோயம்புத்தூர்க்காரர்கள் மென்பொருளை வாங்கிவிட்டார்கள். இவ்வளவு தெளிவான மென்பொருளைப் பார்த்ததில்லை, இரண்டு சின்னப் பையன்களை வைத்தே ஓட்டிவிடலாம் என்று பாராட்டியும் எழுதியிருந்தார்கள். பாராட்டு அண்ணாச்சியை யோசிக்க வைத்தது. சின்னப் பையன்கள் போதுமென்றால் மேலே பெரிய சம்பளத்தில் இரண்டு ஆள் எதற்கு? அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்குக் குமரகுருபரனைக் கீழே கடைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டார். கழுத்தைப் பிடித்துத் தள்ளுமுன் தானே மரியாதையாக இறங்கிவிடலாம் என்று படியிலேயே ஒரு வாக்கியம் தயார் பண்ணினார்: 'நானே போயிருதேன் அண்ணாச்சி, அந்தப் பிள்ளை இருக்கட்டும்.' நல்ல வாக்கியம்தான். அதைச் சொல்லிப் பார்த்தபோது அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அண்ணாச்சி ஒரு பித்தளை அண்டாவைத் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காரும் வே. ஒரு ஆளைக் குறைக்கணும். அந்தப் பிள்ளையை அனுப்பிருவோம்."

உட்காரப்போன குமரகுருபரன் நிமிர்ந்தார். "சித்ரலேகாவையா?"

"பின்ன? அது எல்லாத்தையும் பக்கம் பக்கமா எழுதி வெச்சிட்டு. இனி அது போனா ஒரு வேலையும் நின்னுராது, நல்லாத் தெரியும். உம்ம விஷயம் அப்படியா? நீரு என்ன செய்யுதீருன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது. உம்மை எடுத்தா எது ஓடும், எது நின்னுரும்னு யாரு கண்டா? தெரியாததுல நான் கை வைக்க மாட்டேன். வியாபாரிலா."

தயார் பண்ணின வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மறைப்பானேன், அந்த நிமிஷத்தில் அவருக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. சங்கரி முகம் தெரிந்தது, மாதக் கடைசி தெரிந்தது, நாளைக்குக் காலையில் ஸ்கூட்டர் எடுப்பது தெரிந்தது. "சரி அண்ணாச்சி" என்றார்.

"லெட்டரை நீரே எழுதிக் குடுத்துரும். காரணம்னு ஒண்ணும் தெளிவாப் போட வேண்டாம், பொத்தாம்பொதுவா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த அண்டாவைத் தட்டினார்.

மாடிப்படி ஏறும்போது சந்தோஷம் பாதிப் படியிலேயே நின்றுவிட்டது. ச்சீ, நீயும் ஒரு மனுஷனா என்று தன்னையே ஏசிக்கொண்டார். திரும்பி இறங்கிப்போய்ச் சொல்லிவிடலாம். நாலு படி இறங்கவும் செய்தார். அப்புறம் ஏறிவிட்டார்.

கடிதத்தைக் கால்மணி நேரத்தில் அடித்து முடித்தார். நாலே வரி. அவள் ஆறு மணிக்குக் கிளம்பப் பையை எடுக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தார். நின்றபடியே படித்தாள்.

"என் வேலைல ஏதும் குறையா சார்?"

"சேச்சே. ஒரு குறையும் கிடையாதும்மா."

"அப்ப வேற ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லைம்மா. நல்லாச் செஞ்சே. எல்லாமே நல்லாத்தான் செஞ்சே."

அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். எதையும் புரியாமல் விட்டுப் பழகாத பிள்ளை. மூன்றாவது வரியில் விரல் நின்றது. கடிதத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன சார்?"

அந்த மாடியில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். குமரகுருபரன் பேனா இரண்டையும் சட்டைப்பையில் சரிசெய்துகொண்டார்.